சுடலைக்கண்ணன் போட்ட வெள்ளைக் குழாய்கள்

தாராவியில் தொண்ணூறு அடி சாலையை ஒட்டித் தோல் பைப் பட்டறைகள் நெருங்கிக் கிடக்கும் சந்துகளில், காற்றை அமுக்கும் கம்ப்ரசரிலிருந்து மெஷின்களுக்குக் காற்றுக் குழாய் போட வேண்டும் என்று யாராவது வாயெடுத்தால், அடுத்து வரும் பெயர் சுடலைக்கண்ணனுடையதாகத்தான் இருக்கும். வயது நாற்பத்தேழு. சங்கரன்கோவிலுக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து பத்தொன்பதாம் வயதில் மும்பைக்கு வந்தவர். முதல் பத்தொன்பது ஆண்டுகள் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் அடுக்குமாடிக் கட்டடங்களுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டார். 2015-இல் காற்றுக்கு மாறினார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வோர் இணைப்பையும் பசை தடவி ஒட்டியதும், ஏணியிலிருந்து இறங்குவதற்கு முன், கறுப்பு மார்க்கரால் அதன்மேல் 'சு.க.' என்று எழுதிப் பக்கத்தில் தேதியும் போடுவார். செம்பூரில் ஒரு கட்டடத்தின் நாலாம் மாடிக் குளியலறை ஒழுகியபோது, வேறொருவர் ஒட்டிய இணைப்புக்காக இவர் மேஸ்திரியிடம் வசவு வாங்கினார். அன்று தொடங்கிய எழுத்து அது. தன் வேலை எது, பிறத்தியார் வேலை எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்று நினைத்தார்.

காற்றுக்கு மாறியபோது அவர் செய்த பிழையை ஒரு தண்ணீர்க் குழாய்க்காரர்தான் செய்ய முடியும். ஏழு மாடி உயரத்துத் தொட்டித் தண்ணீரின் அழுத்தத்தை வெள்ளை பிவிசி குழாய் வருடக்கணக்கில் தாங்குவதைக் கண்ணால் பார்த்தவர் அவர். தண்ணீரை விடக் காற்று லேசானது. ஆகவே தண்ணீரைத் தாங்கும் குழாய் காற்றைக் கட்டாயம் தாங்கும் என்று முடிவு செய்தார். பட்டறைக்காரர்களுக்கும் அது வசதியாக இருந்தது. ரப்பர் பசையின் ஆவி நிறைந்த அறைக்குள் வெல்டிங் பொறியை அனுமதிக்க யாருக்கும் துணிவில்லை. இரும்புக் குழாய்க்கு மரை வெட்ட இடமும் கிடையாது. வெள்ளைக் குழாயோ பத்து நிமிடத்தில் ஒட்டிக்கொள்ளும். இப்படி ஒன்பது ஆண்டுகளில் பதினேழு பட்டறைகளில் அவர் கைப்படக் குழாய் ஓடியது. பதினேழிலும் அவர் பெயர் இருந்தது.

நவம்பர் எட்டாம் தேதி கோவண்டியில் ஒரு பட்டறையில் அப்படிப்பட்ட ஒரு குழாய் வெடித்தது. அது சுடலைக்கண்ணன் போட்டதன்று. ஆனால் அதன் கீழே நின்றவர் அவருடைய பழைய அண்டை வீட்டுக்காரர் ஷாகுல் ஹமீது. மருத்துவமனையில் பார்க்கப் போனபோது ஷாகுல் ஹமீதின் வலக் கண்மேல் கட்டுப் போட்டிருந்தார்கள். முகத்திலிருந்து எடுத்த வெள்ளைச் சில்லுகள் ஒரு தட்டில் கிடந்தன, பதினொன்று. கம்ப்ரசர் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவரும் வந்திருந்தார். அவர் இந்தியில் நிதானமாக விளக்கினார். தண்ணீரை நசுக்க முடியாது. குழாய் கிழிந்தால் தண்ணீர் கொட்டும், அத்துடன் சரி. காற்றோ நசுங்கி உட்கார்ந்திருக்கும். சிறு கீறல் கிடைத்தாலும் மொத்தமும் ஒரே நொடியில் விரியும். போதாக்குறைக்குக் கம்ப்ரசரின் சூடும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து பிவிசியை ஆண்டுக்காண்டு மொறுமொறுப்பாக்கிவிடும். காற்றுக்கு இரும்போ அலுமினியமோதான் போட வேண்டும் என்று முடித்தார் அவர்.

சுடலைக்கண்ணன் கேட்டுக்கொண்டார். முப்பத்து நான்கு நாட்கள் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி மாரிசெல்வியிடமும் சொல்லவில்லை. அவள் வேலை பார்ப்பது பிரம்மநாயகத்தின் பட்டறையில். பைகளுக்கு ரிவெட் அடிக்கும் ஆறு காற்று மெஷின்களில் மூன்றாவது அவளுடையது. அவள் தலைக்கு ஒரு முழம் மேலே சுவரோடு ஓடும் வெள்ளைக் குழாயில் 'சு.க. 11.3.17' என்று எழுதியிருக்கும். பதினேழு வாசலிலும் போய், நான் செய்தது தப்பு என்று எப்படிச் சொல்வது? சொன்னபின் பதினெட்டாவது வாசலில் யார் கூப்பிடுவார்கள்? சொல்லாமலே, ஏதாவது சாக்கு வைத்து, ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம் என்று எண்ணினார்.

அந்தச் சாக்கு முதல் வாசலிலேயே செல்லவில்லை. அம்பர்நாத்தில் மூடிய தொழிற்சாலை ஒன்றிலிருந்து பிரம்மநாயகம் ஒரு பெரிய கம்ப்ரசரை வாங்கியிருந்தார். பழையது ஆறு கிலோ அழுத்தத்தில் நின்றுவிடும். இது பத்து கிலோ வரை ஏற்றும்.

"அண்ணாச்சி, புது மெஷினுக்குப் புது லைன் போட்டுருவோம். இரும்புல" என்றார் சுடலைக்கண்ணன்.

"ஏம்லே? இந்த லைனுக்கு என்ன வந்துட்டு?"

"பழசாயிட்டுல்லா."

"நீயும் நானுந்தான் பழசாயிட்டோம். மாத்தவா செய்தாங்க?" பிரம்மநாயகம் தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்தார். பேச்சு அத்துடன் முடிந்தது.

டிசம்பர் பன்னிரண்டு, வியாழக்கிழமை. தினசரிக் காலண்டரில் நல்ல நேரம் பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்கால் வரை. அதற்குள் புது மெஷின் ஓடிக் காற்று பட்டறைக்குள் வந்துவிட வேண்டும் என்பது பிரம்மநாயகத்தின் கட்டளை. தேங்காய், பழம், கதம்ப மாலை, எலுமிச்சை எல்லாம் வந்திருந்தன.

கம்ப்ரசருக்கு ஒதுக்கிய இடம் பட்டறையின் பின்சந்து. மூன்று அடி அகலம், பதினான்கு அடி நீளம். மேலே தகரம், கடைசியில் அடுத்த கட்டடத்தின் சுவர். அந்தச் சுவரோரம்தான் பட்டறைக் குழாய் கீழே இறங்கி, பட்டறைச் சுவரின் ஒரு கையளவு ஓட்டை வழியாக வெளியே தலை நீட்டியிருந்தது.

"ஏலே சுடல, நீ உள்ள போயி நில்லு. இவனுக தள்ளுவானுக, நீ பின்னால கல்லு வையி."

சுடலைக்கண்ணன் கருவிப் பையோடு உள்ளே போனார். நான்கு சுமைக்காரர்கள் உருளைக் கட்டைகள்மேல் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முந்நூறு லிட்டர் தொட்டி. அதன் முதுகில் மோட்டாரும் சிலிண்டர் தலையும். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருபுறமும் ஒரு சாண் இடைவெளி. மோட்டாருக்கும் தகரத்துக்கும் நடுவே ஓர் அடி. அது வந்து நின்றதும் சந்து அடைபட்டது. வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. சுமைக்காரர்களுக்கு அடுத்த சரக்கு கோவண்டியில் காத்திருந்தது. "சார் பஜே ஆயேங்கே" என்று கையசைத்துவிட்டுப் போனார்கள்.

"அண்ணாச்சி! நான் எப்பிடி வெளிய வர?"

"நாலு மணிக்கு அவனுக வந்து முன்னால இழுப்பானுக. அதுவரைக்கும் நீ எங்க போகப் போற? வேலையப் பாரு. டைம் ஆவுது."

அவர் வேலையைப் பார்த்தார். பழைய குழாயின் முனையை வெட்டிப் புதிய இணைப்புப் போட வேண்டும். ரம்பத்தை வைத்து இழுத்தார். புதிய பிவிசியாக இருந்தால் வெள்ளைத் தூள் சுருள் சுருளாக உதிரும். இது மூன்றாவது இழுப்பிலேயே 'பட்' என்று நீளவாக்கில் பிளந்தது. கையில் வந்த துண்டை இரு விரல்களால் அழுத்தினார். பொரித்த அப்பளம்போல் ஓரம் நொறுங்கியது. உட்புறம் மஞ்சளாக எண்ணெய் படிந்திருந்தது. வெளிப்புறத்தில் அவர் எழுத்து இருந்தது, தேதியுடன்.

குழாய்த் தலை போனபின் ஓட்டை கண்ணுக்குத் திறந்தது. குனிந்து பார்த்தார். எட்டு அடி தூரத்தில் மாரிசெல்வியின் முதுகு. கொண்டையில் செருகிய கனகாம்பரம். அவளுக்கு அடுத்து அம்மிணி. இருபுறமும் மற்ற நான்கு பெண்கள். ஆறு தலைகளுக்கு மேலாகவும் அந்தக் குழாயின் மிச்சம் ஓடியது. மாரிசெல்வி எதற்கோ சிரித்தாள். மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் துணியால் துடைத்து, புதுக் காற்று வருமென்று காத்திருந்தாள்.

சுடலைக்கண்ணன் நிமிர்ந்தார். இங்கிருந்து ஓடிவிட முடியாது. உடம்புக்குச் சரியில்லை என்று சொல்லிப் போய்விடவும் முடியாது. முப்பத்து நான்கு நாட்களாக அவர் தேடிக்கொண்டிருந்த எந்தச் சாக்கும் அந்த மூன்றடிச் சந்துக்குள் நுழையவில்லை.

ஆயினும் கைகள் தாம் அறிந்த வரிசையில் இயங்கின. தொட்டியின் வாயில் திருகு வால்வைப் பொருத்தினார். அதிர்வு குழாயைத் தாக்காதிருக்க, வால்வுக்கு அடுத்து இரும்பு வலை பின்னிய ரப்பர் ஹோஸை மாட்டினார். ஹோஸின் மறுமுனையைப் பட்டறைக் குழாயில் மாட்ட வேண்டிய கட்டத்தில் நிறுத்தினார். ஹோஸைச் சுருட்டித் தரையில் வைத்தார். வால்வை இறுக மூடினார். பிறகு ஸ்பேனரால் கைப்பிடியின் நட்டைக் கழற்றி, கைப்பிடியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வெறும் விரலால் இனி அந்த வால்வைத் திருப்ப யாராலும் ஆகாது.

மறுபுறம் பிரம்மநாயகத்தின் மனைவி செண்பகவல்லி இயந்திரத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். தொட்டிக்கு மூன்று, மோட்டாருக்கு ஒன்று. பிறகு எக்கிப் பித்தளைச் சேஃப்டி வால்வின் தலையில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தாள். சுடலைக்கண்ணன் இடுக்கு வழியாகக் கை நீட்டித் துண்டால் அதைத் துடைத்தார்.

"ஐயையோ, ஏன் அழிக்கீங்க?"

"மதினி, அது மெஷினு மூச்சு விடுத ஓட்டை. அழுத்தம் கூடுனா அது வழியாத்தான் வெளிய போவணும். சந்தனம் காஞ்சு அடைச்சுட்டுன்னா தொட்டி வெடிச்சிரும்."

"சாமி காரியத்துல வெடிக்கும் கிடிக்கும்னுட்டு. வாயக் கழுவுங்க" என்றாள் அவள். ஆனால் அடுத்த பொட்டை வைக்கும் முன், "இது எதுக்கு உள்ள ஓட்டை?" என்று கேட்டுக்கொண்டாள்.

பதினொன்று இருபதுக்குப் பிரம்மநாயகம் ஸ்விட்சைப் போட்டார். அடைத்த சந்துக்குள் அந்த ஓசை சுவரில் மோதிச் சுடலைக்கண்ணனின் விலா எலும்புகளுக்குள் புகுந்தது. அழுத்தம் காட்டும் முள் இரண்டைத் தாண்டியது, நான்கு, ஆறு. சிலிண்டர் தலையிலிருந்து அனல் அடித்தது. அவர் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். எட்டு. ஒன்பது. பத்தில் 'டக்' என்று அழுத்த ஸ்விட்ச் வெட்டியது; ஓசை நின்றது. மறுபுறம் கை தட்டினார்கள். தேங்காய் உடைந்தது.

"அருமையா ஓடுது! இப்ப லைனத் தொறலே."

"அண்ணாச்சி, தொறக்க மாட்டேன்."

"என்னது?"

"லைனு தாங்காது. ஆறு கிலோவுக்கே தாங்கக் கூடாதது. இத்தன நாளு தாங்குனது நம்ம அதிர்ஷ்டம். தண்ணிக் குழாய்ல காத்த விட்டுட்டேன். எனக்குத் தெரியாமப் போச்சு."

இடுக்கில் பிரம்மநாயகத்தின் முகம் தெரிந்தது.

"ஏழு வருசமா ஓடுன லைனு, நல்ல நேரம் முடிய இருபது நிமிசம் இருக்கையில தாங்காமப் போயிட்டோ? வெளையாடுதியா?"

"கோவண்டியில ஷாகுலுக்குக் கண்ணு போனது இதே குழாயிலதான்."

"அவன் லைனு அவன் லைனு. இது நீ போட்டதுல்லா! பேரு எழுதிப் போட்டிருக்க!"

பிரம்மநாயகம் இடுக்கில் கையை விட்டுப் பார்த்தார்; வால்வு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் கைப்பிடி இல்லை.

"ஏலே, நானூறு பை சனிக்கிழம போவணும். நீ தொறக்காம அங்கனயே கெட."

"கெடக்கேன். வேற வழி இல்லல்லா."

அப்போதுதான் சுடலைக்கண்ணன் முப்பத்து நான்கு நாட்களாகச் செய்யாததைச் செய்தார். ஓட்டையருகே வாயை வைத்து, "ஏ மாரி!" என்றார். அவள் எழுந்து வந்தாள். ஓட்டையில் அவள் கண் தெரிந்தது.

"என்னங்க, அங்க என்ன சத்தம்?"

அவர் உடைந்த துண்டை ஓட்டை வழியே நீட்டினார். "இத அமுக்கிப் பாரு."

அவள் அழுத்தினாள். நொறுங்கியது. வெள்ளைச் சில்லு ஒன்று அவள் பெருவிரலில் குத்தி ஒரு துளி ரத்தம் வந்தது.

"ஒந்தலைக்கு மேல ஓடுதுல்லா, அது இதுதான். உள்ள பத்து கிலோ காத்து வந்தா இது உடையாது, வெடிக்கும். ஒவ்வொரு சில்லும் கத்தி."

"இது நீங்க போட்டதுல்லா?" என்று கேட்டாள். வீட்டில் அவர் பெயரை எழுதக் கற்றுக்கொண்டதைத் தவிர அவளுக்குத் தமிழ் வாசிக்க அதிகம் வராது. துண்டைத் திருப்பினாள். அந்த இரண்டு எழுத்துகள் மட்டும் அவளுக்குத் தெரிந்தவை.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"ஷாகுலப் பாத்துட்டு வந்த அன்னைக்கு."

"அன்னையிலேர்ந்து தெனமும் டிபன் டப்பாவ எடுத்துக் கையில குடுத்து, என்னைய இதுக்குக் கீழ உக்கார வச்சீங்க."

ஓட்டையிலிருந்து அவள் கண் விலகியது. அவர் குனிந்து பார்த்தார். மாரிசெல்வி தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சுவருக்குப் போனாள். துண்டை அம்மிணியின் மடியில் போட்டாள்.

"எந்திரிங்கட்டீ. யாரும் அதுக்குக் கீழ உக்காராதீங்க."

"ஒம்புருசன் போட்ட லைன்தான?" என்றாள் அம்மிணி.

"அதனாலதான் சொல்லுதேன்."

அம்மிணி துண்டை முகர்ந்தாள், அழுத்தினாள், "அரே பாப்ரே" என்று தன் ஸ்டூலைத் தூக்கினாள். மற்ற நால்வரும் எழுந்தார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. ஆறு மெஷின்களும் ஆளின்றி நின்றன. நல்ல நேரம் கடந்தது.

பிரம்மநாயகம் உள்ளே வந்து கத்தினார். மாலை போட்ட மெஷினை அவமானப்படுத்திவிட்டார்கள் என்றார். ஊர்க்காரன் என்று நம்பியதற்கு இது கூலியா என்றார். மாரிசெல்வி கட்டைவிரலை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் ஓட்டையருகே குனிந்து, தாமே குழாயின் வெட்டு முனையை இரு விரல்களால் அழுத்தினார். நிமிர்ந்தபின் வெகுநேரம் விரல்களைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

ஒரு மணிக்கு ஓட்டை வழியாகச் சின்னக் கண்ணாடி டம்ளரில் கட்டிங் சாய் என்ற அரை டீ வந்தது. நீட்டியது அம்மிணியின் வளையல் கை; மாரிசெல்வியின் கை இல்லை. ஒன்றரைக்குப் பிரம்மநாயகத்தின் குரல் வந்தது.

"ஏலே, அந்த ரப்பர் ஹோஸ் எத்தன மெஷினுக்கு எட்டும்?"

"இன்னொண்ணு வாங்கிச் சேத்தா தரையோட போட்டு ரெண்டு மெஷினுக்கு எட்டும். ஆறு கிலோவுக்குக் கொறச்சு வச்சுத் தாரேன். அதுக்குக் காத்து விடலாம், அது காத்துக்குன்னே செஞ்ச ஹோஸு."

"நானூறுக்கு இருநூறு வரும்." பிரம்மநாயகம் பெருமூச்சு விட்டார். "இன்னும் எத்தன எடத்துல இப்பிடிப் போட்டுருக்க?"

"பதினாறு."

"அத்தன பேருக்கும் போயிச் சொல்லப் போறியா?"

"ம்."

"சொன்னா ஒன்னைய எவனும் கூப்பிட மாட்டான். சொல்லாட்டி..." என்று தொடங்கியவர் முடிக்காமல் போய்விட்டார்.

சுடலைக்கண்ணன் பத்து கிலோ காற்று அடைபட்ட தொட்டியின் எதிரே குந்தியிருந்தார். சட்டைப்பையில் கைப்பிடி கனத்தது. வாங்கி வந்த இன்னொரு ஹோஸையும் சேர்த்து ஓட்டை வழியே அனுப்பி, அழுத்தத்தை இறக்கிய பிறகே கைப்பிடியை எடுத்துப் பொருத்தி, நூல் நூலாக வால்வைத் திறந்தார். எதிர்ச்சுவரோரம் இழுத்துப் போட்ட இரண்டு மெஷின்கள் ரிவெட் அடிக்கத் தொடங்கின. ஒன்றில் மாரிசெல்வி இருந்தாள். சுமைக்காரர்கள் வந்தபோது நாலே முக்கால். அதுவரை அந்த ஓட்டைப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அடுத்த இரண்டு வாரங்களில் பிரம்மநாயகத்தின் பட்டறைக்கு இரும்புக் குழாய் வந்தது. மரை வெட்டும் வேலையைச் சாலையோரத்தில் வைத்துச் செய்தார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பதினாறு பட்டறைகளின் பெயரையும் குழாய் போட்ட தேதியையும் எழுதி, ஒவ்வொரு வாசலாக அவரே போனார். ஐந்து பேர் உடனே காற்றை நிறுத்தினார்கள். மூவர் பொங்கல் கழியட்டும் என்றார்கள். இருவர் வேறு ஆளை வைத்து மாற்றிக்கொண்டு, இவரை இனி வர வேண்டாம் என்றார்கள். ஆறு பேர் சிரித்தார்கள். பெல்ட் பக்கிள் செய்யும் கணேசபாண்டியன், "எட்டு வருசமா வெடிக்காதது நீ வந்து சொன்னதும் வெடிக்குமோ? வேல இல்லன்னா டீ குடிச்சிட்டுப் போ" என்றார்.

கணேசபாண்டியனின் பட்டறை சுடலைக்கண்ணனின் வீட்டுக்கு அடுத்த சுவர். அங்கே ஓடும் குழாய் 4.8.16 தேதியிட்டது. காலை ஒன்பது பத்துக்கு அந்தக் கம்ப்ரசர் தொடங்கும். சுவர் லேசாக அதிரும். அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுக்கும். சுடலைக்கண்ணன் காப்பி டம்ளரைக் கையில் எடுத்தால் எடுத்தபடியே இருப்பார். முள் எங்கே ஏறிக்கொண்டிருக்கும் என்பது அவருக்குப் பார்க்காமலே தெரியும். நான்கு. ஐந்து. ஐந்தரை. டிபன் கட்டிக்கொண்டிருக்கும் மாரிசெல்வியின் கையும் அந்நேரம் நின்றுவிடும்.

'டக்' என்று சுவருக்கு அப்பால் ஸ்விட்ச் வெட்டும்.

"நின்னுட்டு. காப்பியக் குடிங்க" என்பாள். "குடிச்சுட்டு இன்னைக்கும் ஒருதரம் போயிச் சொல்லிட்டு வாங்க."